21 சீட்டு வித்தை: பார்வையாளருக்கு உண்மையில் என்ன வேலை இருக்கிறது?

புதுக்கை எழுதியது:

21 சீட்டு வித்தை இங்கு எழுதும் பலருக்கும் பழகிப்போன ஒன்றுதான். ஆனாலும் என் கேள்வி எதைப் பற்றியது என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்பதால், செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலிருந்து ஏதேனும் 21 சீட்டுகளை எடுத்து, முகம் தெரியும்படி இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போட்டு, ஏழேழு சீட்டுகள் கொண்ட மூன்று நெடுவரிசைகளாக அடுக்குகிறோம். பார்வையாளர் ஒருவர் அவற்றுள் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொண்டு, அது எந்த வரிசையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறார். அவர் சொன்ன வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்துச் சேர்த்து, கட்டைக் கவிழ்த்துப் பிடித்து, மறுபடியும் அதே முறையில் போடுகிறோம். இவ்வாறு மூன்று முறை செய்து முடித்ததும், நினைத்த சீட்டு மேலிருந்து 11ஆவது இடத்தில் வந்து நிற்கிறது.

வித்தை ஒருபோதும் தவறுவதில்லை. என் சிக்கல் வேறு. முதல் முறை சீட்டுப் போடும்போது ஆர்வமாகப் பார்ப்பவர்கள், இரண்டாம் முறை பொறுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் முறை போடத் தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்கிவிடுகிறார்கள். விரைவில் முப்பது பேர் அளவில் கூடும் ஒரு நிகழ்ச்சியில் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. சீட்டை நினைத்த ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. அந்த ஒருவருக்கும் "இரண்டாவது வரிசை" என்று சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை. கூட்டத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு இந்த வித்தையைச் செய்வதற்கு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வழி தேடுவதற்கு முன், வித்தை ஏன் நடக்கிறது என்பதை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. எந்த இடத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பது அதிலிருந்துதான் தெரியவரும்.

முதல் பதில் கிடைத்ததும், நினைத்த சீட்டு ஏழு சீட்டுகளில் ஒன்று என்பது தெரிந்துவிடுகிறது. அந்த ஏழையும் நடுவில் வைப்பதால் அவை 8 முதல் 14 வரையுள்ள இடங்களில் அமர்கின்றன. இரண்டாம் முறை போடும்போது அந்த ஏழும் மூன்று வரிசைகளுக்கும் பிரிந்து போகின்றன: நடு வரிசைக்கு மூன்று, ஓர வரிசைகளுக்கு இரண்டிரண்டு. ஆகவே இரண்டாம் பதில் வந்த கணமே, நினைத்த சீட்டு இரண்டில் ஒன்று அல்லது மூன்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மறுபடியும் நடுவில் வைத்துச் சேர்த்தால் அது 10, 11, 12 ஆகிய இடங்களுள் ஒன்றில் இருந்தே தீர வேண்டும். மூன்றாம் முறை போடும்போது அந்த மூன்று இடங்களும் மூன்று வரிசைகளிலும் நான்காவது சீட்டாக, சரியாக நட்டநடுவில், ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து விழுகின்றன.

இதிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. மூன்றாம் பதிலைக் கேட்ட நொடியிலேயே சீட்டு உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த வரிசையின் நான்காவது சீட்டைப் பார்த்தால் போதும். அதன் பிறகு கட்டைச் சேர்ப்பதும் எண்ணுவதும் வித்தைக்குத் தேவையே இல்லாதவை. அவை காட்சிக்காக மட்டுமே. அந்தக் காட்சி நேரத்தை எப்படி வேண்டுமானாலும் நீங்கள் செலவிடலாம்.

நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்துச் சிலர் சீட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். 15 சீட்டுகளில் செய்தால் மூன்று முறைக்குப் பிறகு 8ஆவது இடத்தில் வரும். 9 சீட்டுகளில் இரண்டே முறை போதும், 5ஆவது இடத்தில் வரும். ஆனால் 18 சீட்டுகளில் செய்யாதீர்கள். வரிசைக்கு ஆறு என்று இரட்டைப்படையாகப் போனால் நடுச்சீட்டு என்று ஒன்று இல்லாமல் போகிறது. எத்தனை முறை போட்டாலும் நினைத்த சீட்டு 9ஆம் இடத்திலோ 10ஆம் இடத்திலோ நின்றுவிடும், ஓர் இடத்தில் நிலைக்காது.

திரைமறைவு எழுதியது:

கணக்கு மிகச் சரி. ஆனால் புதுக்கை கேட்டது கூட்டத்தைப் பற்றி, ஆகவே நான் கூட்டத்தின் பக்கமிருந்து சொல்கிறேன்.

ஒருவரை முன்னே அழைத்து அவர் மட்டும் ஒரு சீட்டை மனத்துக்குள் நினைத்துக்கொண்டால், மீதி இருபத்தொன்பது பேருக்கும் கடைசியில் நீங்கள் தூக்கிக் காட்டும் சீட்டு வெறும் சீட்டுதான். அவர் தலையசைப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கைதட்ட வேண்டியிருக்கும். ஆகவே மனத்தில் நினைக்கச் சொல்லாதீர்கள். 21 சீட்டுகளையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றை எடுத்துக் கூட்டம் முழுவதற்கும் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது ஆட்டின் ராணி என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு அவரே அதை உள்ளே செருகிக் கலைத்துக் கொடுக்கட்டும். இப்போது அரங்கத்தில் இருப்பவர்களிலேயே அந்தச் சீட்டை அறியாத ஒரே ஆள் நீங்கள்தான். மூன்றாம் முறை சீட்டுப் போடும்போதும் ஒவ்வொருவரும் "எங்கே ராணி, எங்கே ராணி" என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேச நேரம் இருக்காது.

இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. இந்த வித்தை பொய்த்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் வித்தைக்காரர் அல்ல. முன்வந்தவர் பதற்றத்தில் தன் சீட்டை மறந்துவிடுவதும், தவறான வரிசையைச் சொல்லிவிடுவதும்தான். கணக்குப்பிள்ளை சொன்னதைக் கவனியுங்கள்: இரண்டாம் முறை போடும்போது மூன்று வரிசைகளிலும் தகுதியுள்ள சீட்டுகள் இருக்கின்றன. ஆகவே அவர் தவறாகச் சொன்னாலும் அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வழியே கிடையாது. கடைசி வரையில் நம்பிக்கையோடு போய்த் தவறான சீட்டைத் திருப்புவீர்கள். கூட்டம் முழுவதும் சீட்டை அறிந்திருந்தால், அவர் வரிசையைத் தவறாகச் சொன்ன கணத்திலேயே நான்கு பேர் "இல்லை, மூன்றாவது" என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல்தான் உண்மையான பங்கேற்பு; அதை யாரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

கலைப்பதைப் பற்றியும் ஒரு சொல். 52 சீட்டுக் கட்டை இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கலைக்கும்போது, அது நன்றாகக் கலைவதற்கு ஏறத்தாழ ஏழு முறை தேவை என்பதை டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1992இல் காட்டினார்கள். டயகோனிஸ் சிறுவயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, டை வெர்னன் என்ற புகழ்பெற்ற சீட்டு வித்தைக்காரரோடு ஊர் ஊராகச் சுற்றியவர் என்பது நம் போன்றவர்களுக்கு ஒரு பெருமை. ஆனால் 21 சீட்டு வித்தைக்கு ஏழு முறை கலைத்தாலும் ஒன்றுதான், எழுபது முறை கலைத்தாலும் ஒன்றுதான்; தொடக்க அடுக்கைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் இல்லை. இவ்வளவு பெரிய சலுகை கையில் இருக்கும்போது நாமே கலைத்துக்கொண்டு நிற்பது வீண். கட்டைப் பலர் கைக்கும் அனுப்பி, ஆளாளுக்கு ஒருமுறை கலைக்கச் சொல்லுங்கள்.

முன்வரிசை எழுதியது:

நான் வித்தை செய்பவன் அல்லன், பார்ப்பவன். பார்ப்பவன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு முறையும் சொன்ன வரிசை நடுவில் போகிறது என்பது இரண்டாம் முறையிலேயே தெரிந்துவிடுகிறது. அதை எவ்வளவு விரைவாகச் செய்தாலும் தெரிகிறது. விரைவாகச் செய்வதாலேயே கூடுதலாகத் தெரிகிறது. இரண்டாவதாக, கடைசியில் வித்தைக்காரர் உதடு அசையாமல் பதினொன்று வரை எண்ணுவது எங்களுக்கு நன்றாகவே புரிகிறது. எண்ணுகிற முகத்துக்கென்று ஒரு தோற்றம் இருக்கிறது. அதை மறைக்க முடியாது. "ஏதோ கணக்கு" என்று பார்வையாளர் முடிவுக்கு வந்துவிட்டால், அந்தக் கணக்கு என்னவென்று அவருக்குத் தெரியாவிட்டாலும் வியப்பு போய்விடுகிறது.

மூன்றாவது, நான் வெறுக்கும் ஒரு முடிவு. சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்து, எங்கள் சீட்டையும் தாண்டிப் போய்விட்டு, "அடுத்து நான் திருப்பப்போகும் சீட்டு உங்களுடையதுதான், பந்தயம் கட்டுகிறீர்களா?" என்று கேட்பார்கள். நாங்கள் சீட்டு தாண்டிப்போனதைப் பார்த்துவிட்டோம் என்ற தைரியத்தில் "கட்டுகிறோம்" என்போம். அவர் மேசையில் கிடக்கும் எங்கள் சீட்டை எடுத்துக் கவிழ்ப்பார். வித்தையாக இது அழகானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் முன்வந்து உதவிய ஒருவரை எல்லார் முன்னிலையிலும் அசடு வழிய நிற்கவைத்துவிட்டு, அடுத்த வித்தைக்கு இன்னொருவரை அழைத்தால் யார் வருவார்கள்?

புதுக்கை எழுதியது:

திரைமறைவு சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். முன்வரிசை சொன்ன மூன்றாவது, நான் செய்துவந்த முடிவுதான். ஆகவே இப்போது எனக்கு முடிவே இல்லை. எண்ணவும் கூடாது, பந்தயமும் கூடாது என்றால் பிறகு எப்படி வெளிப்படுத்துவது?

மேசைவித்தை எழுதியது:

இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, எண்ணுவதை மறைக்காமல் அதையே காட்சியாக்கிவிடுவது. "இதுதான் உங்கள் சீட்டு" என்ற தொடரைத் தமிழ் எழுத்துக் கணக்கின்படி எண்ணிப் பாருங்கள்: இதுதான் என்பதில் நான்கு, உங்கள் என்பதில் நான்கு, சீட்டு என்பதில் மூன்று; மெய்யெழுத்துகளையும் சேர்த்து மொத்தம் பதினொன்று. கட்டைப் பார்வையாளரிடமே கொடுத்து, எழுத்துக்கு ஒரு சீட்டாகக் கீழே வைக்கச் சொன்னால், கடைசி "டு" விழும்போது அவருடைய சீட்டு அவர் கையிலேயே இருக்கும். மெய்யெழுத்துகளை வாயால் உச்சரித்துக்கொண்டே வைப்பது சற்றுச் சங்கடமாக இருக்கும் என்பதால், தொடரை ஒரு பெரிய அட்டையில் எழுத்து எழுத்தாகக் கட்டம் போட்டு எழுதி, உறையில் இட்டு, நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே கூட்டத்தில் ஒருவரிடம் கொடுத்துவைத்துவிடுங்கள். கடைசியில் அவர் உறையைப் பிரித்து அட்டையைப் பிடித்துக்கொள்ள, கூட்டம் எழுத்துகளைப் படிக்க, முன்வந்தவர் சீட்டுகளை வைக்கிறார். நீங்கள் கைகட்டிக்கொண்டு நிற்கலாம். மரியாதைப் பன்மையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்; "உன்" என்று போட்டால் ஒன்பதில் முடிந்து வித்தை கெட்டுவிடும்.

இரண்டாவது வழி, பார்வையாளர் தேர்ந்தெடுப்பதுபோலவே நடத்திக்கொண்டு போவது. மூன்றாம் பதிலிலேயே சீட்டு உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? அதையும் வேறு நான்கு சீட்டுகளையும் கவிழ்த்து ஒரு வரிசையாக வைத்துவிட்டு, "இரண்டைத் தொடுங்கள்" என்கிறீர்கள். தொட்ட இரண்டில் அவருடைய சீட்டு இருந்தால் தொடாத மூன்றையும் அகற்றிவிடுகிறீர்கள். இல்லையென்றால் தொட்ட இரண்டையும் அகற்றிவிடுகிறீர்கள். மூன்று எஞ்சினால் மறுபடியும் இரண்டைத் தொடச் சொல்கிறீர்கள். இரண்டு எஞ்சினால் "ஒன்றை என்னிடம் கொடுங்கள்" என்கிறீர்கள். அவருடைய சீட்டைக் கொடுத்தால் அதைத் திருப்பிக் காட்டுகிறீர்கள், மற்றதைக் கொடுத்தால் அதை ஒதுக்கிவிட்டு, மேசையில் எஞ்சியதை அவரையே திருப்பச் சொல்கிறீர்கள். தொட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பதிலும், எந்தப் பக்கம் போனாலும் குரலில் தயக்கம் இல்லாமல் இருப்பதிலும்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதைச் சரியாகச் செய்தால், அத்தனை முடிவுகளையும் தானே எடுத்ததாகப் பார்வையாளர் வீட்டுக்குப் போயும் சொல்வார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எழுத்து அட்டை யோசனை மிக நன்றாக இருக்கிறது. இரண்டாவது வழியில் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் பார்வையாளரின் விருப்பம் உண்மையாகவே முடிவை மாற்றுகிற ஒரு வித்தையை முன்வைக்க விரும்புகிறேன்.

21க்குப் பதிலாக 27 சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், வரிசைக்கு ஒன்பது. முன்வந்தவர் சீட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். கூட்டத்தில் இருக்கும் வேறொருவர் 1 முதல் 27 வரையில் தனக்குப் பிடித்த ஓர் எண்ணைச் சொல்லட்டும். மூன்று முறை போட்டு எடுத்து முடித்ததும், நினைத்த சீட்டு அந்த எண்ணுள்ள இடத்தில் இருக்கும். எந்த எண்ணைச் சொன்னாலும் இருக்கும். மூன்று முறை போட்டு எடுக்கும் இந்த வகை வித்தையின் பின்னுள்ள கணிதத்தை ஜெர்கோன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1813-14இல் ஆராய்ந்து வெளியிட்டார். அவர் பெயராலேயே இது இன்றும் கணித நூல்களில் வழங்குகிறது.

செய்முறை இதுதான். சொன்ன எண்ணிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வந்ததை மூன்றால் வகுத்து மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈவை மறுபடி மூன்றால் வகுத்து மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இறுதியில் எஞ்சும் ஈவு மூன்றாவது குறிப்பு. இந்த மூன்று குறிப்புகளும் முறையே முதல், இரண்டாம், மூன்றாம் சேர்ப்புக்கு உரியவை. 0 என்றால் சொன்ன வரிசை மேலே போக வேண்டும், 1 என்றால் நடுவில், 2 என்றால் அடியில். எடுத்துக்காட்டாக 18 என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைக் கழித்தால் 17, மூன்றால் வகுத்தால் ஈவு 5, மீதி 2, ஐந்தை வகுத்தால் ஈவு 1, மீதி 2, எஞ்சுவது 1. ஆகவே அடி, அடி, நடு. முதல் சேர்ப்பில் சீட்டு 19 முதல் 27க்குள் போகிறது. இரண்டாம் சேர்ப்பில் 25 முதல் 27க்குள் போகிறது. மூன்றாவதில் மிகச் சரியாக 18இல் நிற்கிறது.

முன்வரிசை சொன்ன முதல் குறையும் இதில் தானாகவே நீங்கிவிடுகிறது. வரிசை ஒரு முறை அடியிலும் ஒரு முறை நடுவிலும் போவதால், எப்போதும் நடுவில் வைக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணுவதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. எண்ணைச் சொன்னதே அவர்கள்தான், எண்ணுவதும் அவர்களாகவே இருக்கட்டும்.

மேசைவித்தையின் இரண்டாவது வழியில் எனக்குள்ள தயக்கம் இதுதான்: அங்கே பார்வையாளர் எதைத் தொட்டாலும் ஒன்றுதான். இங்கே அவர் 18 என்று சொன்னதற்கும் 6 என்று சொன்னதற்கும் வேறுபாடு உண்டு.

திரைமறைவு எழுதியது:

27 சீட்டு அருமையானது. ஆனால் ஒரு பெரிய தடை இருக்கிறது. 21 சீட்டை மூன்று முறை போட்டால் 63 முறை கை அசைய வேண்டும். 27ஐப் போட்டால் 81 முறை. 63லேயே கூட்டம் கொட்டாவி விடுகிறது என்பதுதான் புதுக்கையின் முதல் முறையீடு.

இதற்கு நான் கண்ட தீர்வு, போடுவதை நம் கையிலிருந்து முற்றிலும் எடுத்துவிடுவது. இந்த வித்தை முழுவதிலும் வித்தைக்காரர் ஒரு சீட்டின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. எந்த வரிசை என்ற விடை மட்டும் காதில் விழுந்தால் போதும். ஆகவே முதுகைக் காட்டி நின்றுவிடுங்கள், அல்லது கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். மேசைக்கு இரண்டு பேரை அழையுங்கள்: ஒருவர் சீட்டுப் போடுபவர், மற்றவர் சீட்டைக் கண்காணித்து வரிசையைச் சொல்பவர். எண்ணைச் சொன்ன மூன்றாமவர் கூட்டத்திலேயே இருக்கட்டும். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மூன்றாவது வரிசையா? சரி. முதல் வரிசையை எடுங்கள், அதன்மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது, அப்படியே மொத்தமாகக் கவிழ்த்துப் பிடியுங்கள்" என்று சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். சீட்டைத் தொடாத, பார்க்காத ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்ற கேள்வி கைத்திறனைப் பற்றிய எல்லாச் சந்தேகத்தையும் அடித்துப் போட்டுவிடும்.

இதில் சறுக்கக்கூடிய இடங்கள் இரண்டு. பழக்கமில்லாதவர் கையில் கட்டைக் கொடுத்தால், முதல் வரிசையை ஒன்பது சீட்டுகளோடு முடித்துவிட்டுத்தான் இரண்டாம் வரிசைக்குப் போவார். குறுக்காக, வரிசைக்கு ஒன்றாகப் போட வேண்டும் என்பது யாருக்கும் தானாகத் தோன்றாது. ஆகவே முதல் முறை போடும்போது மட்டும் நீங்கள் திரும்பி நின்று, முதல் ஆறு சீட்டுகளை அவரோடு சேர்ந்து போட்டுக் காட்டிவிட்டுப் பிறகு முதுகைத் திருப்புங்கள். இரண்டாவது, இடம் வலம் குழப்பம். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு முதல் வரிசை என்பது வெவ்வேறு வரிசை. மூன்று தாள் துண்டுகளில் 1, 2, 3 என்று பெரிதாக எழுதி வரிசைகளின் தலைப்பில் வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

81 முறை என்பது அப்படியேதான் இருக்கும். ஆனால் தெரிந்தவர் ஒருவர் மேசையில் தடுமாறிச் சீட்டுப் போடுவதைப் பார்ப்பதில் கூட்டத்துக்கு ஒரு தனி இன்பம் இருக்கிறது. வித்தைக்காரர் போடுவதைப் பார்ப்பதில் அது இல்லை.

மேசைவித்தை எழுதியது:

27ஐ ஏற்கிறேன். ஆனால் கணக்குப்பிள்ளை என் இரண்டாவது வழியை ஒழுக்கக் குறைபோல ஒதுக்குவதை ஏற்க முடியாது. வித்தை பார்க்க வருபவர் ஏமாற்றப்படுவதற்கு ஒப்புக்கொண்டே வருகிறார். அவர் தொட்டது பொருள்படவில்லை என்பது நமக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது. அவர் அனுபவிப்பது அவருக்குத் தெரிந்ததைத்தானே? மேலும் 27இல் எண்ணைத் தேர்ந்தெடுப்பவர், தன் விருப்பம் வித்தையைக் கடினமாக்கியது என்று நினைக்கிறார். உண்மையில் நமக்கு எந்த எண்ணும் ஒன்றுதான். இரண்டு வழிகளிலும் மயக்கம் இருக்கிறது, அது இருக்கும் இடம்தான் வேறு.

முன்வரிசை எழுதியது:

பார்ப்பவனுக்குத் தெரியாது என்று மேசைவித்தை உறுதியாகச் சொல்கிறார். தெரிகிறது. ஒரு முறை தொட்டதை அகற்றுகிறீர்கள், அடுத்த முறை தொட்டதை வைத்துக்கொள்கிறீர்கள். விதி மாறுகிறது என்பது அந்தக் கணத்தில் உறைக்காவிட்டாலும், வீட்டுக்குப் போகும் வழியில் உறைக்கும். அதிலும் கூட்டமாக வந்தவர்கள் பேசிக்கொண்டே போவார்கள். இருவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் அது எடுபடலாம். முப்பது பேரில் ஒருவராவது பிடித்துவிடுவார். எண்ணைச் சொன்னது நான், அந்த இடத்தில் சீட்டு இருந்தது என்பதில் எத்தனை முறை திரும்பத் திரும்ப யோசித்தாலும் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

மேசைவித்தை எழுதியது:

முப்பது பேர் என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். சிறிய மேசைக்கு என் வழி, கூடத்துக்கு உங்கள் வழி என்று வைத்துக்கொள்வோம்.

புதுக்கை எழுதியது:

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு நான் வகுத்திருக்கும் முறை இது. குறை இருந்தால் சொல்லுங்கள். கட்டைக் கூட்டத்துக்குள் அனுப்பிக் கலைக்கச் சொல்லி, திரும்பி வந்ததும் மேலிருந்து 27ஐ ஒருவரை எண்ணி எடுக்கச் சொல்வேன். இரண்டு பேரை மேசைக்கு அழைப்பேன். ஒருவர் சீட்டைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் காட்டிவிட்டு உள்ளே வைத்துக் கலைப்பார். அதன் பிறகுதான் கூட்டத்தில் ஒருவரிடம் எண்ணைக் கேட்பேன், "ஏன் இந்த எண்?" என்றும் கேட்பேன், அவர் காரணம் சொல்லி முடிப்பதற்குள் மனத்தில் வகுத்துவிடலாம். முதல் ஆறு சீட்டுகளுக்குப் பிறகு முதுகைத் திருப்பிக்கொள்வேன். கடைசியில் எண்ணைச் சொன்னவரையே மேடைக்கு அழைத்து எண்ணவைப்பேன். கூட்டமும் உரக்க எண்ணும்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. வீட்டில் பழகிப் பார்க்கும்போது 14 என்ற எண்ணுக்குச் சரியாக வருகிறது. ஆனால் 6 என்று வைத்துக்கொண்டால் 22ஆம் இடத்தில் சீட்டு வருகிறது. கணக்கில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை: ஐந்தை வகுத்தால் அடி, நடு, மேல் என்றுதான் வருகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கணக்கில் தவறு இல்லை. மேல் எது, அடி எது என்பதில்தான் புரண்டிருக்கிறது. சீட்டுகள் மேசையில் முகம் தெரியக் கிடக்கின்றன. நீங்கள் சேர்க்கும்போது மேலே வைக்கும் வரிசை, கட்டைக் கவிழ்த்ததும் அடிக்குப் போய்விடும். மேல் என்று நான் எழுதியது கவிழ்த்துப் பிடித்த கட்டின் மேல்பக்கத்தை. ஆகவே "மேல்" என்றால் அந்த வரிசையை முதலில் எடுக்க வேண்டும், "அடி" என்றால் கடைசியாக எடுத்து மற்றவற்றின்மேல் வைக்க வேண்டும். திரைமறைவு எழுதிய கட்டளையைப் பாருங்கள்: மூன்றாவது வரிசையைக் கடைசியாக மேலே வைக்கச் சொல்லியிருக்கிறார், அது அடி என்பதற்கு உரிய கட்டளை.

14இல் மட்டும் தவறு வெளிப்படாததற்குக் காரணம், அது நடு, நடு, நடு என்பதால் புரட்டிச் செய்தாலும் மாறாது. ஆகவே பழகும்போது 14ஐ வைத்துச் சோதிக்காதீர்கள். ஒரு ஜோக்கரை நினைத்த சீட்டாக வைத்துக்கொண்டு 1, 6, 18, 27 ஆகிய நான்கையும் போட்டுப் பாருங்கள்.

மேடையில் மூன்று முறையும் புரட்டியே செய்துவிட்டதாக முடிவில் உணர்ந்தாலும் அஞ்ச வேண்டாம். அவ்வாறு செய்தால் சீட்டு, 28இலிருந்து சொன்ன எண்ணைக் கழித்தால் வரும் இடத்தில்தான் எப்போதும் நிற்கும். 6க்கு 22 வந்ததும் அதனால்தான். 22ஆம் இடம் என்பது அடியிலிருந்து எண்ணினால் 6ஆம் இடமே. கட்டை முகம் தெரியத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி வைக்கச் சொல்லுங்கள். ஆறாவதாக அவர் எடுப்பது அந்தச் சீட்டாகவே இருக்கும்.